விடுதியில் இருப்பவனுக்கு ஊர் இல்லையா?

உனக்கு இந்த மாவட்டத்தில் சொந்த வீடு உண்டா? நிலபுலன் ஏதேனும் உண்டா? இங்கே வேலை பார்க்கிறாயா? கார் வைத்திருந்தால் அது இந்த மாவட்டத்தில் பதிவானதா? தொலைபேசிப் புத்தகத்தில் உன் பெயர் இருக்கிறதா? உள்ளூர்த் தேவாலயத்தில், மன்றத்தில் நீ உறுப்பினனா? கல்லூரி மூடியிருக்கும் நாட்களில் எங்கே தங்குகிறாய்? படிப்பு முடிந்தபின் என்ன செய்வதாக உத்தேசம்?

பெண் கேட்டு வந்த மாப்பிள்ளையிடம் பெண்வீட்டார் கேட்ட கேள்விகள் என்று எண்ணிவிடாதீர்கள். ஓட்டுரிமை கேட்டு வந்த கல்லூரி மாணவனிடம் ஓர் அதிகாரி நீட்டிய கேள்வித்தாளின் சாரம் இது. இடம், அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தில் வாலர் மாவட்டம். காலம், 1970-களின் தொடக்கம். அதிகாரியின் பெயர் லீராய் சிம். வரி வசூலிப்பது அவர் வேலை; அம்மாநிலத்தில் வரி வசூலிப்பவரே வாக்காளர் பட்டியலுக்கும் பொறுப்பாளர். கேள்விக்கு ஆளானவர்கள், பிரெய்ரி வியூ கல்லூரியில் படித்த கறுப்பின மாணவர்கள்.

எல்லோரிடமும் இப்படித்தான் கேட்டாரா அந்தக் கண்ணியவான்? கேட்கவில்லை. தமக்கு நேரில் தெரிந்தவர் வந்தால் கேள்வி ஏதும் இல்லாமல் பெயரைப் பதிந்துகொள்வார். தெரியாதவர் வந்தால்தான் கேள்வித்தாள். விடுதியில் தங்கிப் படிக்கும் கறுப்பின மாணவர்களில் எத்தனை பேருடைய முகம் அந்த அதிகாரிக்குத் தெரிந்திருக்கும்? சட்டத்தின் வார்த்தை ஒன்றைக்கூட மாற்றாமல், ஒரு தாளைக் கொண்டு ஒரு கல்லூரியையே பட்டியலுக்கு வெளியே நிறுத்தும் வித்தை அது.

அந்தக் கல்லூரி இருக்கும் மண்ணின் கதையையும் சொல்லவேண்டும். ஹூஸ்டன் நகருக்கு வடமேற்கே, ஒரு காலத்தில் அடிமைகளைக் கொண்டு பயிரிட்ட பெரும்பண்ணை அது. ஆல்ட்டா விஸ்ட்டா என்று பெயர். அடிமை முறை ஒழிந்தபின், 1876-ல், கறுப்பினத்தாருக்கென்று மாநில அரசு அங்கே ஒரு கல்லூரியை ஏற்படுத்திற்று. பாட்டன் சாட்டையடி பட்ட மண்ணில் பேரன் பட்டம் பெறலாம் என்றாயிற்று. பட்டம் பெறலாம், ஆனால் ஓட்டு? அங்கேதான் வந்தது வழக்கு.

1971 சூலை முதல் நாள், அமெரிக்க அரசியல் சட்டத்தின் 26-ஆவது திருத்தம் நிறைவேறிற்று. 21 வயது என்றிருந்த வாக்குரிமை 18 வயதுக்கு இறங்கிற்று. வியட்நாம் களத்துக்கு 18 வயது இளைஞனைக் கட்டாயமாக இழுத்துச் செல்கிறாயே, துப்பாக்கி தூக்க வயது வந்தவனுக்கு ஓட்டுப் போட மட்டும் வயது வரவில்லையா என்று நாடெங்கும் எழுந்த கேள்விக்கு ஆட்சியாளரால் பதில் சொல்ல முடியவில்லை. செனட் சபையில் எதிர்த்து ஒரு வாக்குக்கூட விழவில்லை. திருத்தம் மாநிலங்களின் இசைவைப் பெற ஏறத்தாழ நூறு நாட்களே பிடித்தன. அத்தனை விரைவாக வேறெந்தத் திருத்தமும் நிறைவேறியதில்லை.

வாஷிங்டனில் கதவு திறந்தது. வாலர் மாவட்டத்தில் தாழ்ப்பாள் விழுந்தது! 18 வயது ஆனவனுக்கு ஓட்டு உண்டு என்று சட்டம் சொல்லிவிட்டதால், வயதைக் காட்டி இனி மறுக்க முடியாது. நிறத்தைக் காட்டி மறுப்பதும் அதற்கு முன்பே குற்றமாகிவிட்டது. மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று: "உன் ஊர் எது?" என்ற கேள்வி.

மாணவர்கள் வழக்காடினர். முதல் வழக்கில் தோற்றனர். 1976-ல் அமெரிக்க நடுவண் அரசே வழக்குத் தொடுத்தது. 1978-ல் மூன்று நீதிபதிகள் கொண்ட மன்றம், மாணவர்களுக்கு மட்டும் தனி முட்டுக்கட்டை போடுவது 26-ஆவது திருத்தத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. 1979 சனவரி 15-ல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. விடுதியில் தங்கும் மாணவனுக்கு அந்த ஊரே ஊர் என்று, இந்த வழக்கின் வாயிலாக, அந்நாடு முழுமைக்கும் தெரிந்தது.

தீர்ப்பு வந்துவிட்டது, கதை முடிந்தது என்று நீங்கள் எண்ணக்கூடும். அதிகாரத்தில் இருப்போர் தீர்ப்பைப் படிப்பது, அதைப் பின்பற்றத்தான் என்று யார் சொன்னது? 1992-ல் அதே கல்லூரி மாணவர்கள் 19 பேர் மீது, சட்ட விரோதமாக வாக்களித்ததாகக் குற்றச்சாட்டு. பிறகு அது கைவிடப்பட்டது. 2003-ன் இறுதியில், மாவட்ட அரசு வழக்கறிஞரே ஓலை விடுத்தார்: விடுதி முகவரியைக் காட்டுவதாலேயே மாணவர் உள்ளூர்வாசி ஆகிவிட மாட்டார், பொய்யாகப் பதிந்தால் பத்தாண்டு வரை சிறை, பத்தாயிரம் டாலர் வரை அபராதம் என்று. 1979-ல் உச்சநீதிமன்றம் எந்த மாவட்டத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னதோ, அதே மாவட்டத்தில்! மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியே 2004 பிப்ரவரியில் மாணவர் பக்கம்தான் சட்டம் இருக்கிறது என்று கருத்துரை வழங்கினார். வழக்கறிஞர் பின்வாங்க நேர்ந்தது. அதே ஆண்டு, கல்லூரிக்கு அண்மையிலிருந்த நிலையத்தில் முன்கூட்டி வாக்களிக்கும் நேரத்தை 17 மணியிலிருந்து 6 மணியாக வெட்டினர். மீண்டும் வழக்கு, மீண்டும் நேரம் திரும்பி வந்தது.

2008 பிப்ரவரி 19-ஆம் நாளைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். அந்த ஆண்டு முன்கூட்டி வாக்களிப்பதற்குக் கல்லூரி வளாகத்தில் இடம் வைக்கவில்லை. மாவட்டத் தலைநகரான ஹெம்ப்ஸ்டெட்டுக்குத்தான் வரவேண்டும். கல்லூரியிலிருந்து ஏழு மைல். கார் இல்லாத மாணவன் என்ன செய்வான்? வரமாட்டான் என்பதுதான் கணக்கு. மாணவர்கள் கணக்கைத் திருப்பிப் போட்டனர். வாக்களிப்பு தொடங்கிய முதல் நாளே, ஆயிரம் பேருக்கு மேல் திரண்டு, ஏழு மைலையும் நடந்தே கடந்தனர். நெடுஞ்சாலையில் ஆணும் பெண்ணுமாக அணிவகுத்து, நீதிமன்றக் கட்டடத்தின் வாயிலில் போய் நின்றனர். அவர்கள் கல்லெறியவில்லை, பேருந்து எதையும் கொளுத்தவில்லை. ஏழு மைல் நடந்து போய் ஓட்டுப் போட வரிசையில் நின்றார்கள். அதைக் கண்டு கலங்கிய அளவுக்கு எந்தக் கலகத்தைக் கண்டும் அம்மாவட்டத்து ஆட்சியாளர் கலங்கியிருக்க மாட்டார்கள் என்று நான் கருதுகிறேன்.

பிறகாவது ஓய்ந்ததா? 2018 அக்டோபரில், முன்வாக்களிப்பின் முதல் வாரத்தில் வளாகத்துக்கு நிலையம் இல்லை என்று மறுபடியும் வழக்குத் தொடுக்க நேர்ந்தது. 2022-ல் தீர்ப்பு மாவட்டத்துக்குச் சாதகமாக வந்தது. வென்ற கதையை மட்டும் சொல்லி உங்களை மகிழ்விக்க எனக்கு விருப்பம்தான். ஆனால் நடந்ததைத்தானே சொல்லவேண்டும்?

போகிற போக்கில் இன்னொன்று. வாக்குச்சாவடியில் காட்ட வேண்டிய அடையாள அட்டைகள் இவை என்று டெக்சாஸ் மாநிலம் 2011-ல் ஒரு சட்டம் செய்தது. கைத்துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர் அதைக் காட்டி ஓட்டுப் போடலாம். அரசுக் கல்லூரி மாணவர் அடையாள அட்டையைக் காட்டினால்? செல்லாது!

"அவர்கள் நான்காண்டு விருந்தாளிகள், ஊரின் தலையெழுத்தை விருந்தாளியா எழுதுவது?" என்று அங்கே வாதிட்டனர். வாதம் கேட்பதற்கு நியாயம்போல் ஒலிக்கிறது. ஆனால் அமெரிக்கக் குடிக்கணக்கெடுப்பு, 1950 முதல், கல்லூரி மாணவரை அவர் படிக்கும் ஊரில்தான் எண்ணுகிறது. அந்தத் தலைக்கணக்கைக் கொண்டுதான் தொகுதிகள் பிரிக்கப்படுகின்றன. நடுவண் அரசின் பணமும் பங்கிடப்படுகிறது. மாணவன் தலையைக் காட்டிப் பணமும் பிரதிநிதித்துவமும் வாங்கிக்கொள்ளும்போது அவன் உள்ளூர்க்காரன். அதே மாணவன் ஓட்டுக் கேட்டால் வெளியூர்க்காரன். தலையை எண்ணும்போது ஒரு நியாயம், வாக்கை எண்ணும்போது வேறொரு நியாயமா?

கடல் கடந்த கதையை இத்தனை விரிவாகச் சொல்வானேன்? காரணம் இருக்கிறது.

அண்மையில் ஒரு கல்லூரி விழாவுக்குச் சென்றிருந்தேன். விழா முடிந்து, வாயிலுக்கு எதிரே தேநீர்க் கடையில் மாணவர் சிலரோடு பேசிக்கொண்டிருந்தேன். விடுதியில் தண்ணீர் வருவதில்லை என்றார் ஒருவர். இரவு எட்டு மணிக்குமேல் பேருந்து நிற்பதில்லை என்றார் மற்றொருவர். சாலையில் விளக்கில்லை, மாணவியர் நடந்து வர அஞ்சுகின்றனர் என்றார் மூன்றாமவர். "வார்டு கவுன்சிலரைப் பார்த்துக் கேட்டீர்களா, தம்பி?" என்றேன். மூவரும் சிரித்தனர். "எங்க ஓட்டு ஊர்ல இருக்குங்க அய்யா. எங்களைப் பார்த்து அவர் ஏன் பயப்படணும்?" என்றார் ஒருவர். "சரி, சென்ற தேர்தலில் ஊருக்குப் போய் ஓட்டுப் போட்டீர்களா?" இருவர் போகவில்லை. போக வர ஆயிரத்துச் சொச்சம் ஆகும் என்றார் ஒருவர். மறுநாள் தேர்வு என்றார் இன்னொருவர். மூன்றாமவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஊரில் ஓட்டு இருக்கிறது, ஆள் இல்லை. இங்கே ஆள் இருக்கிறார், ஓட்டு இல்லை. வாலர் மாவட்டத்தில் ஓர் அதிகாரி கேள்வித்தாள் அடித்துச் செய்த வேலையை, இங்கே எவரும் அடிக்காமல், எவரும் மிரட்டாமல், நாமே நமக்குச் செய்து கொண்டிருக்கிறோம்!

இத்தனைக்கும் நம் நாட்டு விதி என்ன சொல்கிறது? 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, சொந்த வீடு வைத்திருப்பதாலேயே ஒருவர் அந்த ஊர்வாசி ஆகிவிடுவதில்லை. வழக்கமாக வசிக்கும் இடமே வாக்குக்கு இடம். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவருக்குத் தேர்தல் ஆணையம் தெளிவாகவே வழி சொல்லியிருக்கிறது: பெற்றோர் இருக்கும் ஊரிலும் பெயரைப் பதியலாம், விடுதி முகவரியிலும் பதியலாம், விருப்பம் மாணவருடையது. அங்கீகாரம் பெற்ற படிப்பாக, ஓராண்டுக்குக் குறையாத படிப்பாக இருக்கவேண்டும். கல்லூரி முதல்வரோ பதிவாளரோ தரும் சான்றிதழை இணைக்கவேண்டும். புதிதாகச் சேர்வோருக்குப் படிவம் 6. ஊரில் ஏற்கெனவே பெயர் இருந்து இங்கே மாற்ற விரும்புவோருக்குப் படிவம் 8. இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளக்கூடாது, அது குற்றம். காரைப் பற்றிக் கேள்வி உண்டா? தொலைபேசியைப் பற்றி உண்டா? படிப்பு முடிந்து எங்கே போவாய் என்று கேட்கிறார்களா? இல்லை! பிரெய்ரி வியூ மாணவர்கள் எதற்காக நீதிமன்றப் படிகளைத் தேய்த்தார்களோ, எதற்காக ஏழு மைல் நடந்தார்களோ, அது நமக்கு ஒரு சான்றிதழ் தூரத்தில் கிடக்கிறது.

18 வயது வாக்குரிமையும் இந்நாட்டில் தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல. 1965-ஐ எண்ணிப் பாருங்கள். கட்டாய இந்திக்கு எதிராகக் கல்லூரிகளைவிட்டுத் தெருவுக்கு வந்த மாணவர் கூட்டத்தை இந்தியாவே திகைத்து நோக்கிற்று. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் சனவரி 27-ல் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் கொடுத்தார். ஈராண்டு கழித்து, 1967-ல், மாநிலத்தின் ஆட்சியே மாறிற்று. விருதுநகரில், அந்தப் போராட்டத்தில் நின்ற மாணவர் தலைவர் சீனிவாசன், பெருந்தலைவர் காமராசரை 1,285 வாக்குகளில் வென்றார். அரசியல் வேறுபாடு எப்படி இருப்பினும், அந்தத் தேர்தலை அசைத்த கைகளில் மாணவர் கையும் ஒன்று என்பதை மறுப்பார் இல்லை. ஆனால் அந்தத் தேர்தலில், வீடு வீடாக ஏறி இறங்கி வாக்குக் கேட்ட மாணவர்களில் 21 வயது நிறையாத எவருக்கும் வாக்குரிமை கிடையாது! ஓட்டுக் கேட்டார்கள், ஓட்டுப் போட முடியவில்லை. அடி வாங்க வயது போதும், சிறைக்குப் போக வயது போதும், வாக்குச்சாவடிக்குப் போக மட்டும் போதாது என்றிருந்தது அன்றைய சட்டம். 61-ஆவது திருத்தம் 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபோதுதான் அந்த முரண் தீர்ந்தது.

அன்று உரிமை இல்லாதவர்கள் அத்தனை செய்தார்கள். இன்று உரிமை உள்ளவர்களை நான் குறைகூற வரவில்லை. தேநீர்க் கடையில் பேசிய அந்த மூன்று மாணவர்களுக்கும் விடுதி முகவரியில் பெயரைப் பதியலாம் என்ற செய்தியே தெரியாது. தெரியாதது அவர்கள் குற்றமா? சேரும்போது கட்டணப் பட்டியல் தருகிறார்கள். உணவு விடுதி விதிகள் தருகிறார்கள். இரவு எத்தனை மணிக்குக் கதவு பூட்டப்படும் என்று எழுதி ஒட்டுகிறார்கள். இந்த ஒரு செய்தியை எந்தச் சுவரில் ஒட்டினார்கள்?

ஆண்டுதோறும் சனவரி 25-ல் வாக்காளர் நாள் கொண்டாடப்படுகிறது. 2011 முதல் நடக்கிறது. மாணவ மாணவியரை வரிசையில் நிறுத்தி, கை நீட்டச் சொல்லி, உறுதிமொழி படிக்கிறார்கள். கோலப்போட்டி நடத்துகிறார்கள், முழக்கத் தாள் ஏந்தி ஊர்வலம் விடுகிறார்கள், புகைப்படம் பத்திரிகைக்கு வருகிறது. எல்லாம் சரி. அன்று கை நீட்டிய ஐந்நூறு பேரில் எத்தனை பேர் பெயர் பட்டியலில் இருக்கிறது என்று கேட்ட முதல்வர் உண்டா? கோலத்துக்குப் பரிசு கொடுத்த கையால் ஐந்நூறு சான்றிதழில் ஒப்பமிட்டிருந்தால் அன்றே வேலை முடிந்திருக்குமே!

சில நிர்வாகங்களுக்கு இதில் தயக்கம் இருப்பதை நான் அறிவேன். மாணவன் வாக்காளன் ஆனால் அரசியல் வளாகத்துக்குள் வந்துவிடும் என்பது அவர்கள் அச்சம். பல கல்லூரிகளில் மாணவர் பேரவைத் தேர்தல்கூட நடப்பதில்லை. பேராசிரியர்கள் கூடி, அமைதியான பிள்ளை என்று ஒருவரைத் தேர்ந்து, தலைவர் என்று அறிவித்து விடுகிறார்கள். பேரவைத் தேர்தல் எப்படி நடக்கவேண்டும் என்று லிங்டோ குழு வகுத்த முறைகளை 2006-ல் உச்சநீதிமன்றமே நடைமுறைப்படுத்தச் சொல்லிற்று. வேட்பாளர் ஐயாயிரம் ரூபாய்க்குமேல் செலவு செய்யக்கூடாது என்பது வரை அதில் இருக்கிறது. அது தனிக் கதை. வேறொரு நாள் எழுதவேண்டியது. இங்கே கேட்பது அதைவிட எளியது. வாக்காளர் பட்டியல் கட்சிப் பட்டியல் அல்லவே? சான்றிதழில் முதல்வர் ஒப்பமிட்டால், மாணவன் எந்தச் சின்னத்தில் குத்துவான் என்பதில் அவருக்கு என்ன பங்கு?

"ஒரு விடுதி ஓட்டால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்பவர்களும் உண்டு. 2016-ல் இராதாபுரத்தில் வெற்றி என்று அறிவிக்கப்பட்டது 49 வாக்கு வேறுபாட்டில். ஒரு விடுதியில் ஒரு மாடியின் எண்ணிக்கை அது. 2021-ல் சென்னை தியாகராய நகரில் வேறுபாடு 137. இராசத்தான் மாநிலம் நாத்துவாராவில் 2008-ல் ஒரே ஒரு வாக்கில் ஒருவர் தோற்றார். இந்த எண்களை வேட்பாளர்கள் மறப்பதில்லை. விடுதியில் இருநூறு ஓட்டு இருக்கிறது என்று தெரிந்தால், இரவு எட்டு மணிக்குமேல் பேருந்து நிற்கிறதா இல்லையா என்று விசாரிக்க வார்டு கவுன்சிலர் தாமே வருவார். அதற்கு முன் மனுக்கொடுத்துக் காலைத் தேய்த்தாலும் வருவாரா?

ஊர்ப் பற்று என்ன ஆவது என்று பெற்றோர் சிலர் வருந்தலாம். ஊரில்தான் ஓட்டு இருக்கவேண்டும், குலதெய்வக் கோயில் கொடைக்கு வருவதுபோல் தேர்தலுக்கும் வரவேண்டும் என்று எண்ணும் மாணவரை நான் தடுக்கமாட்டேன். தம் ஊராட்சியில் நடக்கும் அக்கிரமத்தைத் தம் ஓட்டால் மாற்ற விரும்புகிறவர் அங்கேயே வைத்துக்கொள்ளட்டும். தவறாமல் போய்ப் போடட்டும். விதி இரண்டு வழியையும் திறந்து வைத்திருக்கிறது. எந்த வழியிலும் போகாமல், ஊரிலும் இல்லாமல் விடுதியிலும் இல்லாமல், மூன்றாண்டு நான்காண்டு அந்தரத்தில் நிற்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

முன்பு சனவரி முதல் நாளில் 18 நிறைந்திருக்கவேண்டும். சனவரி இரண்டில் பிறந்தவன் ஓராண்டு காத்துக்கிடக்க வேண்டும். 2022 ஆகஸ்டு முதல் அந்தத் தொல்லையும் இல்லை. சனவரி, ஏப்ரல், சூலை, அக்டோபர் என நான்கு மாதங்களின் முதல் நாளும் தகுதி நாளே. 17 வயது நிறைந்தவர் முன்கூட்டியே விண்ணப்பம் கொடுத்து வைக்கலாம். முதலாண்டு வகுப்பில் சேர்ந்து, விடுதியில் பெட்டியை வைத்த வாரத்திலேயே படிவத்தையும் கொடுத்துவிடலாம் என்பது இதன் பொருள்.

அந்தத் தேநீர்க் கடை மாணவர்கள் மூவரும் என் பேச்சைக் கேட்டுவிட்டு, தங்கள் விடுதியில் எத்தனை பேர் என்று கணக்கிட்டனர். முந்நூற்றுச் சொச்சம் வந்தது. மறு வாரம் முதல்வரைப் பார்த்துச் சான்றிதழ் கேட்பதாகச் சொன்னார்கள். முதல்வர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு எழுதுமாறு கேட்டிருக்கிறேன். கடிதம் வந்ததும் இதே இடத்தில் வெளியிடுவேன்.